விகாஸுக்கு எதுக்கு டெஸ்ட்?

எங்கள் சென்னீர்குப்பத்தில் ஒரு டூவீலர் மெக்கானிக் இருக்கிறார். ரிப்பேர் முடிந்ததும் சாவியைத் தந்துவிட மாட்டார். பைபாஸ் வரை ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் தருவார். மகேந்திரகிரி பற்றிய செய்தியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம்தான் வரும்.

திருநெல்வேலிச் சீமையில், மலையடிவாரத்தில் இருக்கிறது இஸ்ரோவின் அந்த இன்ஜின் சோதனை நிலையம். அங்கே ராக்கெட் பறக்காது. இன்ஜினை மட்டும் மேடையில் இறுக்கிப் பூட்டி, எரியவிட்டுப் பார்ப்பார்கள்.

அங்கே பரீட்சை எழுதும் சீனியர், விகாஸ். பூர்வீகம், பிரான்ஸின் 'வைக்கிங்' இன்ஜின். எழுபதுகளில் நம்பி நாராயணன் முதலான நம் இன்ஜினீயர்கள் அங்கே போய்த் தொழில் கற்றுவந்தார்கள். முதல் விகாஸை 1985-ல் பிரான்ஸின் வெர்னானில் சோதித்தார்கள். உள்ளே இரண்டு திரவங்கள். தேர்தல் நேரத்து எதிர்க்கட்சிக்காரர்கள் மாதிரி, சந்தித்தாலே பற்றிக்கொள்ளும், தீக்குச்சி வேண்டாம்! உந்துவிசை சுமார் 80 டன். 2008-ல் சந்திரயான்-1, 2013-ல் மங்கள்யான், 2023-ல் சந்திரயான்-3... எல்லாவற்றிலும் இவர் உழைப்பு உண்டு.

"இவ்வளவு சர்வீஸ் போட்டவருக்கு இன்னும் எதுக்கு சார் டெஸ்ட்?" என்று கேட்பீர்கள்.

2006 ஜூலை 10. ஜி.எஸ்.எல்.வி.யின் பக்கவாட்டில் நாலு விகாஸ். கிளம்பிய ஒரு நொடிக்குள் ஒன்று சோர்ந்துவிட்டது. ராக்கெட்டும் இன்சாட்-4சி செயற்கைக்கோளும் வங்கக்கடலோடு போச்சு! டிசைனில் கோளாறு இல்லை. ஒரு ரெகுலேட்டரைத் தயாரித்ததில் நேர்ந்த சின்னப் பிசகு.

பஸ் என்றால் ராத்திரி டெப்போவுக்கு வரும், கழற்றிப் பார்க்கலாம். மேலே போன விகாஸ் திரும்பி வராது. ஒவ்வொரு தடவையும் போவது புது இன்ஜின். நல்ல பேர் மட்டும்தான் பழசு. அதனால் கற்க வேண்டியதையெல்லாம் தரையிலேயே கற்றாக வேண்டும்.

2021 ஜூலை 14-ல், ககன்யானுக்காக 240 விநாடி எரித்தார்கள். 2025 ஜனவரி 17-ல் 60 விநாடி எரித்து, அணைத்து, 120 விநாடி கழித்து மறுபடி பற்றவைத்து 7 விநாடி ஓட்டினார்கள். "ஏழே விநாடியா?" என்று சிரிக்காதீர்கள். ஓடிச் சூடான வண்டி சிக்னலில் அணைந்துவிட்டால் மறுபடி கிளப்ப என்ன பாடு என்று கிக்கரை உதைத்தவர்களுக்குத் தெரியும்!

செயற்கைக்கோள் போனால், 'பணம்தானே' என்று மனசைத் தேற்றிக்கொள்ளலாம். ககன்யானில் உட்காரப் போவது யாரோ ஒரு வீட்டுப் பிள்ளை. இன்னும் நூறு தடவை எரித்துப் பார்க்கட்டுமே!