வெள்ளை மாளிகைக்கு வந்த உபாத்தியாயினி

அமெரிக்க ஜனாதிபதி வசிக்கும் வெள்ளை மாளிகையில் 1850-ஆம் வருஷம் வரையில் நிலையான புத்தகசாலை ஒன்று இருந்ததில்லை என்றால் நேயர்கள் வியப்படைவார்கள். ஜனாதிபதிகள் வரும்போது தங்கள் புத்தகங்களைக் கொண்டு வருவார்கள். பதவி முடிந்ததும் கட்டி எடுத்துச் சென்றுவிடுவார்கள். இந்தக் குறையைக் கண்டு வாளா இராதவர், பதின்மூன்றாவது ஜனாதிபதியான மில்லார்ட் பில்மோரின் மனைவி அபிகெயில் அம்மையார். அவர் முன்னாளில் பள்ளிக்கூட உபாத்தியாயினி. நாமும் அத்தொழிலையே செய்து பிழைப்பவராதலின் அவரிடம் நமக்குத் தனி அபிமானம் உண்டு; அதை மறைப்பானேன்?

அம்மையார் 1798-ல் நியூயார்க் மாகாணத்தில் பிறந்தார். பாதிரியாரான தந்தை, குழந்தைக்கு இரண்டு வயதாகும்போதே காலமானார். அவர் விட்டுச் சென்ற செல்வம் புத்தகங்களே. தாயார் அவற்றைக் கொண்டே மகளுக்குக் கல்வி புகட்டினார். பதினாறாம் வயதில் அபிகெயில் பிறருக்குக் கற்பிக்கத் தொடங்கினார்.

1819-ல் நியூ ஹோப் என்னும் சிற்றூரில் அவரிடம் பாடம் கேட்க ஒரு விசித்திரமான மாணாக்கர் வந்தார். உபாத்தியாயினிக்கு வயது இருபத்தொன்று, மாணாக்கருக்குப் பத்தொன்பது! ஏழைக் குடியானவரின் மகன். கம்பளி ஆலையில் தொழில் பழகியவர். அகராதி ஒன்றை விலைக்கு வாங்கி, இயந்திரத்தருகே வேலை செய்துகொண்டே சொற்களைக் கற்றவர். ஆலை ஒப்பந்தத்திலிருந்து விடுபட 30 டாலர் கொடுத்தவர். அவர்தாம் பில்மோர். குருவும் சிஷ்யரும் மணம் புரிந்துகொள்ள நிச்சயித்தனர். ஆனால் வக்கீல் தொழிலில் அவர் காலூன்ற நாளாயிற்று. விவாகம் 1826-லேதான் நடந்தது. மணமான பின்னும் அம்மையார் பள்ளிக்கூடத்தை விடவில்லை. 1828-ல் மகன் பிறக்கும் வரையில் கற்பித்துக்கொண்டிருந்தார்.

1850 ஜூலையில் ஜனாதிபதி டெய்லர் திடீரென்று காலமாகவே, உப ஜனாதிபதியாயிருந்த பில்மோர் அந்த ஸ்தானத்தை அடைந்தார். முன்பே கணுக்காலில் அடிபட்டு நெடுநேரம் நிற்க இயலாத நிலையிலிருந்த அம்மையார், விருந்து உபசாரங்களில் பலவற்றை மகளிடம் ஒப்புவித்தார். தமது கவனத்தைப் புத்தகங்களில் செலுத்தினார். காங்கிரஸ் சபை 2,000 டாலர் அனுமதித்தது. சரித்திரம், பூகோளம், சட்டம், காவியம் என்று தாமே தேர்ந்தெடுத்து, மாடியிலுள்ள நீள்வட்ட அறையில் அடுக்கினார். மகளின் யாழும் அவ்வறையிலேயே இடம் பெற்றது.

ஆயினும் ஒன்றைச் சொல்லாமல் விடுதல் நேர்மையாகாது. அதே 1850 செப்டம்பரில், தப்பியோடிய அடிமைகளைப் பிடித்து எஜமானரிடம் ஒப்புவிக்கும் கொடிய சட்டத்தில் பில்மோர் கையொப்பமிட்டார். நாடு பிளவுபடாமல் காப்பதற்கே அவ்வாறு செய்ததாக அவர் கருதினார். பிளவு நிற்கவில்லை, பதினோராண்டுகளில் உள்நாட்டு யுத்தமே மூண்டது. 1852-ல் அவருடைய கட்சியே அவரை மீண்டும் அபேட்சகராக நிறுத்த மறுத்தது. அத்தனை புத்தகங்களும் இருந்த வீட்டிலா இப்படி நேர்ந்தது என்று நாம் பெருமூச்செறிகிறோம்.

1853 மார்ச் 4-ந் தேதி புதிய ஜனாதிபதி பியர்ஸின் பதவியேற்பு விழா திறந்த வெளியில் நடந்தது. கடுங்குளிரில் நின்ற அம்மையாருக்கு ஜலதோஷம் கண்டு, கபவாத ஜுரமாக முற்றியது. ஊர் திரும்பும் முன்பே, அம்மாதம் 30-ந் தேதி வாஷிங்டன் ஹோட்டல் ஒன்றில் ஆவி பிரிந்தது. வயது ஐம்பத்தைந்து.

இரண்டு வருஷங்களுக்குப் பின் ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலை பில்மோருக்குக் கௌரவப் பட்டம் அளிக்க முன்வந்தது. அப்பட்டம் லத்தீன் மொழியில் எழுதப்படுவது. தம்மால் வாசிக்க முடியாத பட்டத்தை ஏற்பது முறையன்று என்று சொல்லி, அந்தப் பழைய மாணாக்கர் அதை மறுத்துவிட்டார்.