ஊசியிலிருந்து மாத்திரைக்கு
(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்)

விலங்கியல் ஏட்டில் முயலின் இனப்பெருக்க மண்டலத்தைப் படம் வரைந்து பாகங்களைக் குறிக்க நாம் வெட்கப்படுவதில்லை. அதே உறுப்புகளைப் பற்றி நம் வீட்டுப் பெண்கள் பேசும்போதுதான் குரல் தாழ்ந்துவிடுகிறது. எங்கள் தெருவில் அந்தத் தாழ்ந்த குரலில் நான் கேட்ட பேச்சு இது: "ஊசி ஒத்துக்கலைன்னு மாத்திரைக்கு மாறினேன், அதுவும் ஒத்துக்கலை, ரெண்டையும் விட்டுட்டேன்." இப்படி விட்டவர்கள் விரும்பாத கருவைச் சுமப்பதும் உண்டு. அப்படியானால், இந்த 'ஒத்துக்கொள்ளாமை' என்பது யாது?

அரசு மருத்துவமனைகளில் விலையின்றிக் கிடைக்கும் 'அந்தரா' ஊசி 2017இல் அறிமுகமாயிற்று. மூன்று மாதத்திற்கு ஒருமுறை போடுவது. நம் உடலில் சுரக்கும் புரோஜெஸ்டிரோனை ஒத்த மருந்து 150 மில்லிகிராம் அதில் உள்ளது. 'மாலா-என்' மாத்திரையிலோ அவ்வகை மருந்துடன் ஈஸ்ட்ரோஜனும் சேர்ந்திருக்கிறது. அட்டையிலுள்ள 28 மாத்திரைகளில் 21 மட்டுமே ஹார்மோன். எஞ்சிய 7 இரும்புச் சத்து.

ஈஸ்ட்ரோஜன் கருப்பையின் உட்சவ்வை வளர்ப்பது. ஊசி மட்டும் போடும்போது அச்சவ்வு மெலிகிறது. முதலில் வேளை தவறி இரத்தம் கசியும். பின்னர் உதிர்வதற்கு ஏதுமின்றி மாதவிலக்கே நின்றுவிடலாம். ஓராண்டு ஊசி போட்டவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இப்படி ஆகிறது. "கெட்ட இரத்தம் வயிற்றிலேயே தங்கிவிட்டது" என்று பாட்டிமார் அஞ்சுவர். தங்குவதற்கு அங்கே இரத்தம் சேரவே இல்லை!

மாத்திரைக்கு மாறியதும் சவ்வு மீண்டும் வளர்கிறது. இரும்பு மாத்திரை உண்ணும் வாரத்தில் உதிரப்போக்கு வருகிறது. புதிதாய் வந்த ஈஸ்ட்ரோஜனால் குமட்டல், மார்பு வலி, தலைவலி தோன்றலாம். இடையில் உதிரத் துளிகளும் படலாம். இவை பெரும்பாலும் மூன்று மாதத்திற்குள் அடங்கும். இரவு உணவுக்குப் பின் உண்டால் குமட்டல் குறையும். நாள் தவறினால் கசிவு மிகும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். மாத்திரையை நிறுத்தினால் சில நாளில் உடலைவிட்டு நீங்கும். போட்ட ஊசியை வெளியே எடுக்க இயலாது. ஆகவே முதல் மாதங்களின் தொல்லைகளில் ஒரு பங்கு பழைய ஊசியுடையதே. பழி மட்டும் மாத்திரைக்கு! "போகப் போகச் சரியாகும்" என்று சொல்லி அனுப்புகிறார்கள். எது சரியாகும், எத்தனை மாதத்தில் என்பதையும் சொல்லாவிட்டால் பத்தாம் நாளே அட்டை குப்பைக்குப் போகிறது.

ஊசியை நிறுத்தியபின் கருத்தரிக்கச் சராசரியாக ஏழு முதல் பத்து மாதம் ஆகலாம் என்பர். அது சராசரியே, அதை நம்பி இடைவெளி விடலாகாது. மாதவிலக்கு வரட்டும் என்று காத்திராமல், அடுத்த ஊசிக்குரிய நாளிலேயே மாத்திரையைத் தொடங்கலாம்.

ஆனால் இம்மாத்திரை எல்லோருக்கும் உரியதன்று. ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்குப் பாலூட்டும் தாய்மாரும், இரத்த அழுத்தம் மிகுந்தோரும் மருத்துவரிடம் சொல்லி வேறு முறையைக் கேட்க வேண்டும். மாத்திரை உண்ணும்போது கெண்டைக்காலில் வலியுடன் வீக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், இதுவரை அறியாத கடுந்தலைவலி, பார்வை மங்கல் ஆகியவற்றுள் ஒன்று வந்தாலும் மூன்று மாதம் பொறுக்கலாகாது. மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.