பிள்ளை பிறந்த பின்னரும் ஒரு சோதனை

கர்ப்பகால நீரிழிவு இனிப்பால் மட்டும் வருவதல்ல. நச்சுக்கொடி சுரக்கும் ஓமோன்கள் இன்சுலினின் வேலையைத் தடுக்க, குருதியில் சீனி ஏறுகிறது. தெற்காசியரான எமக்கு இதன் வாய்ப்பு அதிகம். இங்கு பிரித்தானியாவில் 24 முதல் 28 வாரங்களுக்குள் 75 கிராம் குளுக்கோஸ் குடிக்கக் கொடுத்துச் சோதிக்கிறார்கள்.

அதுவரை எம் தாய்மார் கவனம்தான். புட்டைக் குறைத்து, விரலில் குத்தி அளந்து, தேவைப்பட்டால் இன்சுலினும் போடுகிறார்கள். நாம் கவலைப்படுவது அதற்குப் பிந்திய காலத்தைப் பற்றியே. பிள்ளை பிறந்ததும் சீனி பெரும்பாலும் இறங்கிவிடும். முப்பத்தொன்று, பத்தியக்கறி, நித்திரையில்லா இரவுகள் என்று நாட்கள் ஓட, 6 முதல் 13 வாரங்களுக்குள் செய்யவேண்டிய குருதிச் சோதனை மறந்துபோகிறது. இவர்களுக்கோ பிற்காலத்தில் இரண்டாம் வகை நீரிழிவு வரும் ஆபத்து பல மடங்கு.

பிள்ளையின் 8 வாரத் தடுப்பூசிக்குப் பதியும்போதே தாயின் சோதனைக்கும் பதிந்துவிடுங்கள். வெறும் வயிற்றில் போகவேண்டும். 13 வாரம் தாண்டிவிட்டால் எச்பிஏ1சி சோதனை செய்யலாம். அதற்குச் சாப்பிட்டுவிட்டே போகலாம். பின்னர் ஆண்டுக்கு ஒருமுறை.