செட்டிநாட்டிலிருந்து பழநிக்குப் பாதயாத்திரை: அன்பர்கள் அறிய வேண்டியவை

முருகப்பெருமானின் அறுபடை வீடுகளுள் மூன்றாவதாகப் போற்றப்பெறுவது பழநித் திருத்தலம். மலையடிவாரத்தில் திருவாவினன்குடியும், மலைமேல் அருள்மிகு தண்டாயுதபாணி சுவாமி திருக்கோயிலும் அமைந்த பழம்பெரும் ஊர் இது. தைப்பூசத்தை முன்னிட்டுச் செட்டிநாட்டு நகரத்தார் பெருமக்கள் குன்றக்குடியிலிருந்து காவடி சுமந்து இத்தலத்திற்கு நடந்து செல்வது பல தலைமுறைகளாக வரும் வழக்கமாகும். உப்பு வணிகத்தின் பொருட்டுப் பழநி சென்ற முன்னோர் இதனைத் தொடங்கி வைத்தனர் என்பது மரபுச் செய்தி.

சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வழியாகச் செல்லும் இந்த யாத்திரை 150 கிலோமீட்டருக்கும் கூடுதலான தொலைவு உடையது. கூட்டமாக நடத்தல், குறித்த இடத்தில் தங்குதல், குறித்த வேளையில் உண்ணுதல் என்பவை முன்னோர் வகுத்த ஒழுங்கு. இதனைக் கடைப்பிடிப்போர் நலமுடன் சென்று திரும்புகின்றனர். தனித்தும் இரவிலும் விரைந்து நடப்போரே இடருக்கு ஆளாகின்றனர். ஆகவே புதிதாகப் புறப்படும் அன்பர்கள் பழக்கமுள்ள ஒரு குழுவினருடன் இணைந்து செல்வது நலம்.

நடைப்பயணத்தில்

தை மாதத்தில் அதிகாலை பனியும் நண்பகல் வெயிலும் கடுமையாக இருக்கும். விடியற்காலையிலும் மாலையிலும் நடந்து, நண்பகலில் ஓய்வு கொள்ள வேண்டும். எதிரே வரும் வாகனங்கள் கண்ணில் படும் வண்ணம் சாலையின் வலப்புற ஓரமாக, ஒருவர் பின் ஒருவராகச் செல்க. இருள் நேரத்தில் நடக்க நேர்ந்தால் ஒளிரும் பட்டையும் கைவிளக்கும் இன்றியமையாதவை. சாலையோரத்தில் படுத்து உறங்குதல் கூடாது.

நீரிழிவு நோய் உடையவர்கள் தனிக் கவனம் கொள்ள வேண்டும். அவர்களுக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். கொப்புளமோ முள்ளோ தைத்தது தெரியாமலேயே புண் பெரிதாகிவிடும். வெறுங்காலுடன் நடக்கலாமா என்பதைப் புறப்படுமுன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்க. தங்குமிடம் சேர்ந்ததும் கால்களைக் கழுவித் துடைத்து, உள்ளங்காலை ஒருவரைக் கொண்டு பார்க்கச் செய்க. வழக்கமான மருந்துகளை நிறுத்தலாகாது. அவசர உதவிக்கு 108 என்ற எண்ணை அழைக்கலாம். சிறுவர்களின் சட்டைப்பையில் பெயர், ஊர், பெற்றோர் தொலைபேசி எண் எழுதிய சீட்டினை வைத்தல் வேண்டும்.

பேருந்தில் செல்வோர் திண்டுக்கல் வழியாகச் செல்லலாம். அங்கிருந்து பழநி சுமார் 60 கிலோமீட்டர்.

மலையேறும் வழிகள்

முதலில் திருவாவினன்குடியில் வழிபட்டுப் பின்னர் மலையேறுவது மரபு. படிப்பாதையில் 693 படிகள் உள்ளன. காவடி வழிபாட்டிற்கு மூலவனாகக் கருதப்படும் இடும்பனின் சன்னிதி இவ்வழியில் உள்ளது. படியேற இயலாதோர்க்குச் சரிவு குறைந்த யானைப்பாதை உண்டு.

முதியோரும் உடல்நலம் குன்றியோரும் 1966-ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் விஞ்ச்சிலோ, 2004-இல் தொடங்கப்பட்ட ரோப் காரிலோ செல்லலாம். காற்று பலமாக வீசும்போது ரோப் கார் நிறுத்தப்படும். மாதந்தோறும் ஒருநாளும், ஆண்டுக்கு ஒருமுறை பல நாட்களும் பராமரிப்புக்காக இயங்காது. முன்னதாகவே விசாரித்து அறிக. ஊர்தியில் ஏறுவதால் வழிபாட்டின் பயன் குறைந்துவிடாது. நெஞ்சுவலியும் மூச்சுத்திணறலும் உடையோர் பிறர் வற்புறுத்தலுக்காகப் படியேற வேண்டாம்.

மலைக்கோயிலில்

1-10-2023 முதல் மலைக்கோயிலுக்குக் கைப்பேசி கொண்டு செல்லத் தடை உள்ளது. அடிவாரத்திலுள்ள பாதுகாப்பு மையத்தில் ஒப்படைத்து, ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்க. மலையேறுமுன், பிரிந்தால் அடிவாரத்தில் எங்கே சந்திப்பது என்று குடும்பத்தார் பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.

முடிக்காணிக்கைக்கு 2021 முதல் கட்டணம் இல்லை. விரைவு தரிசனம் செய்விப்பதாகக் கூறும் இடைத்தரகர்களிடம் பணம் கொடுத்து ஏமாற வேண்டாம். சீட்டுகளைத் திருக்கோயில் அலுவலகத்திலேயே பெறுக. வாழைப்பழம், நாட்டுச்சர்க்கரை, பேரீச்சை, தேன், நெய், கற்கண்டு, ஏலக்காய் சேர்த்துச் செய்யப்படும் பஞ்சாமிர்தம் 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. அதனைத் திருக்கோயில் விற்பனை நிலையத்தில் வாங்கி, டப்பாவிலுள்ள தேதியைப் பார்த்துக்கொள்க.

திரும்பும் வழி

தரிசனம் முடிந்ததும் யாத்திரை முடிந்துவிட்டதாகப் பலர் எண்ணுகின்றனர். பல நாள் நடந்த களைப்புடன் அன்றிரவே வாகனம் ஓட்டிப் புறப்படுவது பேராபத்தாகும். நகரத்தார் காவடியோ பூசம் முடிந்து ஊர் திரும்புவதும் நடந்தேயாகும். போகும் வழியைப் போலவே திரும்பும் வழியையும் அவர்கள் யாத்திரையாகக் கொண்டனர். நாமும் ஓர் இரவு தங்கி, நன்கு உறங்கி எழுந்து, காலையில் புறப்படுவோமாக. வீட்டில் காத்திருப்போர் கையில் திருநீறும் பஞ்சாமிர்தமும் சேரும்போதே யாத்திரை நிறைவு பெறுகிறது.

வேலுண்டு வினையில்லை!