மாத்தளை இளவரசன் விசயபாலன்

மாத்தளை மாவட்டத்திலுள்ள வஹகோட்டை, கண்டி மன்னராற் குடியேற்றப்பட்ட போர்த்துக்கேயரின் வழித்தோன்றல்கள் எனக் கருதப்படும் கத்தோலிக்கர் வாழும் ஊர். 17 ஆம் நூற்றாண்டில் இம்மாத்தளை நாட்டை ஆண்ட இளவரசனொருவனும் போர்த்துக்கேயரிடமே புகலடைந்தான் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. அவனே விசயபாலன்.

கண்டியை 1604 முதல் 1635 வரை ஆண்ட செனரத் மன்னன், தன் இராச்சியத்தை அரசி தோன கத்தரீனாவின் புதல்வர் மூவருக்கும் பங்கிட்டான். பங்குகளை ஓலையிலெழுதித் தந்ததாதுவின் முன் வைத்துத் தெரிவித்தான் எனச் சூளவம்சம் கூறும். குமாரசிங்கனுக்கு ஊவாவும் விசயபாலனுக்கு மாத்தளையும் கிடைத்தன. தலைநகரோடு கூடிய மேனாடு, இளையவனான இராஜசிங்கனைச் சார்ந்தது. மூத்தோர் இருக்க இளையோன் முடிபெற்றமையே பின்விளைந்த பகைக்கு வித்தாயிற்று.

1630 இல் இரந்தெனிவெலவிலும் 1638 இல் கன்னொறுவையிலும் போர்த்துக்கேயரை முறியடிக்க விசயபாலன் உடனின்று பொருதான். ஆயினும், குமாரசிங்கன் இறந்தபின் ஊவாவை இராஜசிங்கன் தனதாக்கிக் கொண்டான். அவன் ஒல்லாந்தரை நட்பாக்க, இளமையிற் போர்த்துக்கேயத் துறவியரிடம் கற்ற விசயபாலன் போர்த்துக்கேயரை நாடினான். 1641 இல் தம்பியோடு பொருது தோற்றுக் கொழும்புக்கு ஓடினான். அங்கிருந்து கோவா சென்று, 1654 இல் அந்நகரிலேயே மாண்டான். போரிற் புறங்காட்டச் செய்த பகைவரின் நிழலிலேயே அவன் வாழ்வு முடிந்தது.

இத்தகைய பாகப்பிரிவினை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. ஜேர்மனியில் சக்சே-கோதா நாட்டுக் கோமகன் ஏர்ணெஸ்து 1675 இல் இறக்க, அவன் மைந்தர் எழுவரும் 1680 இல் நாட்டை ஏழாகப் பகுத்தனர். கோபுர்க், ஐசன்பெர்க், றோம்கில்ட் ஆகிய மூன்று கிளைகளும் 1710 இற்குள் ஆண் வாரிசின்றி அற்றன. அவற்றின் நிலம் பற்றிய வழக்கோ 1735 வரை நீடித்தது. அங்கு வழக்காக நீண்டது, இங்குப் போராக மூண்டது.

பங்கீடு அமைதிக்காகவே செய்யப்படுகின்றது. ஆனால் நாடு பங்கிடப்படலாம், முடி ஒன்றே. அண்ணனுக்கு இடையூறாகாவண்ணம் இளங்கோ துறவு பூண்டார் என்னும் தமிழ் மரபு, இச்சிக்கலை அறிந்தோர் போற்றிய மரபாகும். கண்டியில் அத்தகைய துறவு நிகழவில்லை. இராஜசிங்கன் 1687 இல் இறந்தபின், அவன் மகன் இரண்டாம் விமலதர்மசூரியன் இராச்சியத்தைப் பங்கின்றி ஆண்டான். மாத்தளை இளவரசாட்சி ஒரு தலைமுறையோடு ஒழிந்தது.