அந்தமான் கடலில் இறங்கும் விண்கலம்: பாராடாங் கரையில் நின்றால் கண்ணுக்குத் தெரியுமா?

பாராடாங்: விண்வெளிக்குச் சென்று திரும்பிய இந்தியப் பெட்டகம் ஒன்று அந்தமான் நிக்கோபார் தீவுகளை ஒட்டிய கடலில் ஏற்கெனவே ஒருமுறை இறங்கியிருக்கிறது. மனிதரை விண்ணுக்கு அனுப்பும் ககன்யான் திட்டமும் கடலில் இறங்கும் முறையையே பின்பற்றுகிறது. அப்படியானால், சேற்று எரிமலைக்கும் சுண்ணாம்புக் குகைகளுக்கும் பெயர்பெற்ற பாராடாங் போன்ற தீவின் கரையில் நின்று ஒரு விண்கலம் திரும்பி வருவதை நேரில் காண முடியுமா? பெரும்பாலும் முடியாது. காண முடியாத இடத்தைத் தேர்ந்தெடுத்தே விண்கலங்கள் இறக்கப்படுகின்றன. அதன் காரணங்களை அறிந்தால், எதைக் காணலாம், எதைக் காண இயலாது என்பதும் தெளிவாகும்.

2014 டிசம்பர் 18 காலை

அன்று காலை 9.30 மணிக்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எல்விஎம்-3 ராக்கெட்டின் முதல் சோதனைப் பயணம் தொடங்கியது. அதன் உச்சியில் 'கேர்' என்ற பெயரில் 3,775 கிலோ எடையுள்ள ஆளில்லாப் பெட்டகம் பொருத்தப்பட்டிருந்தது. வருங்காலத்தில் வீரர்கள் அமர்ந்து செல்லவிருக்கும் பெட்டகத்தின் முன்மாதிரி அது. சுமார் 126 கி.மீ உயரத்தில் ராக்கெட்டிலிருந்து பிரிந்த அது, பூமியைச் சுற்றாமல், எறிந்த கல்லைப் போல வளைந்து கீழே இறங்கியது. புறப்பட்ட 20 நிமிடம் 43 நொடிகளில், ஏவுதளத்திலிருந்து சுமார் 1,600 கி.மீ தொலைவில் கடலைத் தொட்டது. அந்த இடம் ஸ்ரீ விஜயபுரம் என இன்று அழைக்கப்படும் போர்ட் பிளேரிலிருந்து ஏறத்தாழ 600 கி.மீ தொலைவில் உள்ளது. பாராடாங் தீவோ போர்ட் பிளேருக்கும் வடக்கே உள்ளது.

இந்திய கடலோரக் காவல்படையின் 'சமுத்ரா பஹரேதார்' கப்பல் பெட்டகத்தை மீட்டுச் சென்னையை அடுத்த எண்ணூரில் உள்ள காமராஜர் துறைமுகத்துக்குக் கொண்டுவந்தது. ஆய்வாளர்களுக்கு வேண்டிய தரவுகள் கிடைத்தன. ஆனால், அந்த இறக்கத்தைப் பார்க்கும் வாய்ப்பு தீவு மக்களுக்குக் கிடைக்கவில்லை.

அடிவானம் போடும் திரை

கடற்கரையில் நிற்கும் சராசரி உயரமுள்ள ஒருவரின் பார்வை, கடல் மட்டத்தில் ஐந்து கி.மீக்கும் குறைவான தொலைவில் முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பால் பூமியின் வளைவு கடலையே மறைத்துவிடும். உயரத்தில் உள்ள பொருள் மட்டும் அந்த வளைவைத் தாண்டித் தெரியும். எவ்வளவு உயரத்தில் இருந்தால் எவ்வளவு தொலைவிலிருந்து தெரியும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு. உயரத்தைக் கிலோமீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 113ஆல் பெருக்கினால் தொலைவு கிடைக்கும்.

காற்றின் தடை உணரத் தொடங்கும் 80 கி.மீ உயரத்துக்கு இந்தக் கணக்கு சுமார் 1,000 கி.மீ என்கிறது. 'கேர்' பெட்டகத்தின் பாராசூட்டுகள் விரியும் தொடர் நிகழ்வு ஆரம்பித்த 15 கி.மீ உயரத்துக்கு 437 கி.மீ. பெரிய பாராசூட்டுகள் விரிந்த 5 கி.மீ உயரத்துக்கு 252 கி.மீ மட்டுமே. ஆகவே 600 கி.மீக்கு அப்பால் நிற்பவரைப் பொறுத்தவரை, பெட்டகம் சுமார் 30 கி.மீ உயரத்துக்குக் கீழே வந்ததுமே அடிவானத்துக்குள் மறைந்துவிடும். பாராசூட் விரிவதும், பெட்டகம் ஆடி அசைந்து இறங்குவதும், நீரைத் தொடுவதும் அந்தத் திரைக்குப் பின்னே நடந்து முடிந்துவிடும்.

அதற்கு முந்தைய கட்டமாவது தெரியாதா? 80 கி.மீ உயரத்தில் 700 கி.மீ தொலைவில் செல்லும் பொருள் அடிவானத்துக்கு மேலே ஏறத்தாழ மூன்றரை பாகையில்தான் இருக்கும். கையை நீட்டிப் பிடித்தால் இரண்டு விரல் அகலம். கடற்பனியும் பகலொளியும் அந்த வான்பகுதியைக் கழுவிவிடும். பாராடாங்கில் இன்னொரு தடையும் உண்டு. தெற்கே தாழ்ந்த வானத்தைக் காடும் குன்றும் மறைக்கின்றன.

நாட்டின் தென்கோடியான இந்திரா முனையிலிருந்து பார்த்திருந்தால்? 'கேர்' இறங்கிய இடம் அங்கிருந்து சுமார் 180 கி.மீ. அதன் பெரிய பாராசூட்டின் விட்டம் 31 மீட்டர். 180 மீட்டருக்கு அப்பால் வைக்கப்பட்ட சிறிய எலுமிச்சம்பழத்தைத் தேடுவதற்கு இது ஒப்பாகும். கூர்ந்த பார்வை உடையவருக்கும் புலப்படாது.

ஒரு நொடிக்கு எட்டு கி.மீ

இவ்வளவு தள்ளி, ஆளரவமற்ற கடலை ஏன் தேடிச் செல்ல வேண்டும் என்ற கேள்வி இயல்பானது. தாழ்ந்த சுற்றுப்பாதையில் உள்ள விண்கலம் நொடிக்கு ஏறத்தாழ 7.8 கி.மீ வேகத்தில் செல்கிறது. கீழே இறங்க அந்த வேகம் முழுவதையும் எஞ்சினால் குறைக்க வேண்டியதில்லை. எதிர்த்திசையில் எஞ்சினை இயக்கி நொடிக்குச் சுமார் 100 மீட்டர் அளவுக்கு வேகத்தைக் குறைத்தாலே பாதை தாழ்ந்து காற்றுமண்டலத்தில் நுழைந்துவிடும். எஞ்சிய வேகத்தைக் காற்றே விழுங்கிக்கொள்கிறது. கலத்தின் முன்னே அழுத்தப்படும் காற்று கடுமையாகச் சூடேறி ஒளிர்வதுதான் அப்போது தெரியும் நெருப்புத் தோற்றம். உராய்வால் வெப்பம் உண்டாவதாகப் பலர் கருதினாலும், பெரும்பங்கு இந்த அழுத்தத்தால் வருவதே. அந்த ஒளிரும் உறையால் சில நிமிடங்களுக்கு வானொலித் தொடர்பும் அறுபடுவதுண்டு.

எஞ்சினை இயக்குவதில் ஒரு நொடி பிந்தினால் இறங்கும் இடம் எட்டு கி.மீ தள்ளிப்போகும். காற்றின் அடர்த்தி எதிர்பார்த்ததிலிருந்து மாறினாலும், பாராசூட்டைக் காற்று இழுத்துச் சென்றாலும் பிழை கூடும். எனவே விஞ்ஞானிகள் ஒரு புள்ளியைக் குறிப்பதில்லை. நீளமான ஒரு பரப்பைக் குறிக்கின்றனர். அந்தப் பரப்பில் மீனவர்களுக்கும் கப்பல்களுக்கும் விமானங்களுக்கும் முன்னெச்சரிக்கை விடுக்கப்படுகிறது.

இந்தியா சுற்றுப்பாதையிலிருந்து முதன்முதலாக மீட்ட எஸ்ஆர்இ-1 பெட்டகமும் இப்படித்தான் வந்தது. 2007 ஜனவரி 10 அன்று ஏவப்பட்ட 550 கிலோ எடையுள்ள அது, 12 நாட்கள் பூமியைச் சுற்றிவிட்டு, ஜனவரி 22 காலை ஸ்ரீஹரிகோட்டாவுக்குக் கிழக்கே சுமார் 140 கி.மீ தொலைவில் வங்கக் கடலில் இறங்கியது. ரஷ்யாவுக்குக் கஜகஸ்தானின் பரந்த புல்வெளி இருக்கிறது. 1984 ஏப்ரல் 11 அன்று ராகேஷ் சர்மா தரையிறங்கியது அந்தப் புல்வெளியில், அர்காலிக் நகருக்கு அருகில்தான். அத்தகைய ஆளற்ற நிலப்பரப்பு நம்மிடம் இல்லை. கடல் இருக்கிறது.

நேரில் கண்டவர்களும் காத்திருந்தவர்களும்

விண்கலம் திரும்புவதை மக்கள் திரளாகக் கூடிப் பார்த்த காலமும் ஒன்று இருந்தது. அமெரிக்காவின் விண்வெளி ஓடங்கள் விமானம் போல ஓடுபாதையில் இறங்கியதால் அது கைகூடியது. 1982 ஜூலை 4 அன்று கலிபோர்னியாவின் எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளத்தில் கொலம்பியா ஓடம் இறங்கியபோது, அதிபர் ரீகனுடன் சுமார் 5 லட்சம் பேர் திரண்டிருந்தனர். அப்படிப் பார்க்கச் சென்றவர்களுக்கு ஓடம் வருவதை முதலில் அறிவித்தது காதுதான். தரையிறங்குவதற்குச் சுமார் மூன்று நிமிடங்களுக்கு முன், ஒலியின் வேகத்தை மிஞ்சிப் பறக்கும் ஓடத்தின் அதிர்வலை, அடுத்தடுத்து இரண்டு வெடிச் சத்தங்களாகக் கேட்கும். பிறகே வானில் வெண்ணிறப் புள்ளி தோன்றும்.

அதே கொலம்பியா 2003 பிப்ரவரி 1 அன்று திரும்பத் தொடங்கியது இந்தியப் பெருங்கடலுக்கு மேலே. அமெரிக்கக் கிழக்கு நேரப்படி காலை 8.15 மணிக்கு, தலைகீழாகவும் வால்புறம் முன்னோக்கியும் பறந்தவாறு அது தன் எஞ்சின்களை இயக்கி வேகத்தைக் குறைத்தது. ஒரு மணி நேரத்தில், 9.16க்கு, பாதி உலகைக் கடந்து புளோரிடாவின் கென்னடி விண்வெளி மைய ஓடுபாதையில் இறங்கியிருக்க வேண்டும். ஹரியானாவின் கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லா உள்ளிட்ட ஏழு பேரின் குடும்பத்தினர் அங்கே காத்திருந்தனர். இறங்கும் நேரத்தைக் கணக்கிட்டுக்கொண்டே கடிகாரம் ஓடியது. இரட்டை ஒலி கேட்கவில்லை. சுமார் 16 நிமிடங்களுக்கு முன்பே, டெக்சாஸ் மாநிலத்துக்கு மேலே ஏறத்தாழ 60 கி.மீ உயரத்தில் ஓடம் சிதறியிருந்தது. புறப்பாட்டின்போது எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைக் கட்டி இடது இறக்கையின் முன்விளிம்பில் உண்டாக்கிய சேதமே காரணம் எனப் பின்னர் விசாரணைக் குழு கண்டறிந்தது.

அன்று திரும்பும் காட்சியை உண்மையில் நேரில் கண்டவர்கள் டெக்சாஸ் மக்கள். நீல வானில் ஒரு வெண்கோடு பலவாகப் பிரிவதை அவர்கள் வீட்டு முற்றத்தில் நின்று பார்த்தனர். டெக்சாஸிலும் லூசியானாவிலும் 80,000க்கும் மேற்பட்ட துண்டுகள் பின்னர் சேகரிக்கப்பட்டன. தரையில் இருந்த ஒருவருக்கும் காயம் ஏற்படவில்லை என்பது நற்பேறு என்றே சொல்ல வேண்டும். மக்கள் வாழும் நிலத்துக்கு மேலே திரும்பும் பாதையை அமைப்பதில் இருக்கும் அச்சத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை. இந்தியக் கடற்பரப்பில் இறக்குவது என்ற ககன்யானின் முடிவையும் இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும்.

சுபான்ஷு சுக்லா 2025 ஜூலை 15 அன்று திரும்பியதும் கடலில்தான். அவரும் மூன்று சக வீரர்களும் வந்த டிராகன் விண்கலம், இந்திய நேரப்படி பிற்பகல் 3.01 மணிக்கு கலிபோர்னியாவின் சான் டியேகோ கடற்கரைக்கு அப்பால் பசிபிக் பெருங்கடலில் இறங்கியது. அங்கே அப்போது பின்னிரவு. வெடிச் சத்தம் கேட்கலாம் என்று ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனம் முன்கூட்டியே அறிவித்திருந்தது. இருளும் ஒலியும் சேர்ந்தால்தான் கரையில் இருப்பவருக்கு ஏதாவது கிட்டும். 'கேர்' இறங்கியது போன்ற பகல்நேர இறக்கத்தில் அதற்கும் வழியில்லை.

இந்தியாவில் ஓடுபாதையில் இறங்கும் கலம் ஒன்றும் உருவாகி வருகிறது. கர்நாடகத்தின் சித்ரதுர்கா மாவட்டத்தில் 'புஷ்பக்' என்ற இறக்கை கொண்ட கலத்தை 2023 ஏப்ரல் 2, 2024 மார்ச் 22, 2024 ஜூன் 23 ஆகிய நாட்களில் சினூக் ஹெலிகாப்டரிலிருந்து விடுவித்துத் தானாகத் தரையிறங்கச் செய்து இஸ்ரோ சோதித்தது. அவை சோதனைத் தளத்துக்குள் நடந்தவை. என்றாலும், கரையிலிருந்து எட்டிப் பார்க்க முடியாத கடலைவிட, ஓடுபாதையே என்றாவது ஒருநாள் பார்வையாளருக்கு இடமளிக்கக்கூடும்.

வானில் தெரிந்தால், கரையில் ஒதுங்கினால்

திட்டமிட்ட இறக்கத்தைவிட, திட்டமிடாத மறுநுழைவைக் காணும் வாய்ப்பே சாதாரண மக்களுக்கு அதிகம். 2022 ஏப்ரல் 2 மாலை மகாராஷ்டிரத்திலும் மத்தியப் பிரதேசத்திலும் வானில் தீக்கோடுகள் ஊர்ந்து செல்வதைப் பலர் படம்பிடித்தனர். சந்திரபூர் மாவட்டத்தின் சிந்தேவாஹி வட்டாரத்தில் பெரிய உலோக வளையமும் உருண்டைக் கலன்களும் கிடைத்தன. அவை சீன ராக்கெட் ஒன்றின் பாகங்கள் என்று வல்லுநர்கள் கருதினர். எரிகல்லிலிருந்து இதை வேறுபடுத்தி அறிவது கடினமன்று. எரிகல் பெரும்பாலும் ஓரிரு நொடிகளில் மறையும். திரும்பும் விண்பொருள் ஒரு நிமிடம்கூட நீடிக்கும், மெதுவாக, ஏறத்தாழ கிடையாக நகரும், பல துண்டுகளாக வரிசை கட்டிச் செல்லும். இரவில் இருள் சூழ்ந்த பாராடாங் போன்ற தீவில் அத்தகைய காட்சி நகரத்தைவிடத் தெளிவாகத் தெரியும்.

தீவுவாசிகள் நினைவில் கொள்ள வேண்டிய இன்னொன்றும் உண்டு. 2023 ஜூலையில் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜூரியன் பே அருகே, சிப்பிகள் ஒட்டிய பெரிய உருளை ஒன்று கரை ஒதுங்கியது. அது இந்தியாவின் பிஎஸ்எல்வி ராக்கெட்டின் மூன்றாம் அடுக்கைச் சேர்ந்ததாக இருக்கக்கூடும் என அந்நாட்டு விண்வெளி முகமை அறிவித்தது. ஆபத்தில்லை என உறுதியாகும் வரை காவலர்கள் மக்களை அதன் அருகே விடவில்லை. ராக்கெட் பாகங்களில் நச்சு எரிபொருளின் எச்சமோ அழுத்தம் குறையாத கலனோ இருக்கலாம். கடலில் மிதந்தோ அலையத்திக் காட்டின் வேர்களில் சிக்கியோ அப்படி ஒன்று தென்பட்டால், அதைத் தொடாமல், படகில் ஏற்றாமல், இருக்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ கடலோரக் காவல்படைக்கோ தகவல் தெரிவிக்க வேண்டும்.