கற்பனைக் கூடைப்பந்தில் மாற்று வீரர்

கூடைப்பந்து என்றவுடன் நம் மனக்கண் முன் வருவன மைதானமும் பந்தும் வியர்வையுமே. இம்மூன்றும் இல்லாமல், நாற்காலியில் அமர்ந்தபடியே ஆடப்படும் கூடைப்பந்து ஒன்றும் உண்டு. அமெரிக்காவில் பெருவழக்காகிவிட்ட 'ஃபேன்டசி' கூடைப்பந்து, அதாவது கற்பனைக் கூடைப்பந்தே அது. 1980-இல் டேனியல் ஒக்ரென்ட் என்னும் எழுத்தாளர் தம் நண்பர்களுடன் சேர்ந்து பேஸ்பாலுக்கென வகுத்த முறையிலிருந்து கிளைத்த விளையாட்டு இது.

இதன் விதிகள் எளியவை. என்.பி.ஏ. என்னும் அமெரிக்கத் தொழில்முறைப் போட்டியில் 30 அணிகள் உள்ளன. ஒரு பருவத்தில் அணிக்கு 82 ஆட்டங்கள். நண்பர்கள் 12 பேர் கூடி, முறைவைத்து, ஆளுக்கு 13 வீரர்களைப் பொறுக்கிக்கொள்கிறார்கள் எனக் கொள்வோம். உண்மை ஆட்டத்தில் அவ்வீரர்கள் செய்வதெல்லாம் கற்பனை அணியின் கணக்கில் வரவாகும். புள்ளிகள் மட்டுமல்ல, பலகையில் பட்டு மீளும் பந்தைப் பிடித்தல், புள்ளிக்கு வழிசெய்து கொடுத்தல், பறித்தல், தடுத்தல், மூன்று புள்ளி எறிதல், எறிதலின் இரு விழுக்காடுகள், பந்தை இழத்தல் என ஒன்பது இனங்கள் எண்ணப்படுவது பெருவழக்கு.

இனி நம் பொருளுக்கு வருவோம். பருவத்தின் நடுவில் முதன்மை வீரர் ஒருவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு வீழ்ந்துவிட்டால் என் செய்வது? பலர் பதறிப்போய்ப் பெயர் பெற்ற யாரையாவது எடுத்துக்கொள்கிறார்கள். கணக்கைப் பார்த்தால் பதறத் தேவையில்லை. பன்னிருவர் எடுத்தது 156 வீரர்களை. என்.பி.ஏ. அணியொன்றுக்கு 15 பேர் என்று வைத்தாலும் மொத்தம் 450 ஆகிறது. ஏறத்தாழ முந்நூறு பேர் கேட்பாரற்று நிற்கிறார்கள். அவர்களுள் யார் என்பதே கேள்வி.

விடை நிமிடங்களில் இருக்கிறது. ஆட்டம் 48 நிமிடம், களத்தில் ஐவர், ஆக ஓர் அணிக்கு 240 நிமிடங்கள். காயமுற்றவர் 36 நிமிடம் ஆடியவரானால், அந்த 36 நிமிடம் மறைந்துபோவதில்லை. யாரேனும் ஆடியே தீர வேண்டும். ஆகவே காயச் செய்தி வந்தவுடன் பார்க்க வேண்டியது அதே அணியின் பெஞ்சைத்தான். இங்கே நுணுக்கம் ஒன்றுண்டு. நிமிடங்கள் பெஞ்சில் இருப்பவருக்குப் போகும். ஆனால் எறியும் வாய்ப்புகளோ பெரும்பாலும் களத்தில் எஞ்சியுள்ள நட்சத்திரத்திற்கே போகும். அந்த நட்சத்திரம் முன்னமே வேறொருவர் கையில் இருப்பார். நமக்குக் கிடைப்பது நிமிடம் மட்டுமே. அதிலிருந்து பந்து பிடிப்பவரும் பறிப்பவரும் பயன் எடுப்பார்கள். எறிவதையே நம்பியவர் எடுப்பார் என்பதற்கு உறுதியில்லை.

சில வேளைகளில் இரண்டும் ஒருவருக்கே வாய்த்துவிடும். ஜெரமி லின் கதை அப்படிப்பட்டது. 2011 டிசம்பரில் இரண்டு அணிகள் அவரை அடுத்தடுத்து விடுவித்தன. நியூயார்க் நிக்ஸ் அவரைச் சேர்த்துக்கொண்டது. பந்தை நடத்திச் செல்லும் இடத்தில் பேரன் டேவிஸ் காயத்தால் ஆடாதிருந்த காலம் அது. 2012 பிப்ரவரி 4 அன்று பெஞ்சிலிருந்து இறங்கிய லின் 25 புள்ளி எடுத்தார். ஆறு நாள் கழித்து லேக்கர்ஸ் அணிக்கெதிராக 38. முதல் இரவிலேயே அவரை எடுத்துக்கொண்டவருக்கு அது பெரும் பேறு. வாரம் கழித்துத் தேடியவருக்கு அவர் எங்கும் கிடைத்திருக்க மாட்டார். பந்தை அடிக்கடி இழப்பது அவரிடமிருந்த குறை. அந்த இனத்தில் அடி விழத்தான் செய்தது.

இதற்கு மாறான எடுத்துக்காட்டும் உண்டு. 2019 அக்டோபர் 30 அன்று ஸ்டீபன் கரியின் இடக்கை முறிந்தது. ஐந்து நாளில் அதே கோல்டன் ஸ்டேட் அணியின் புதுமுகம் எரிக் பாஸ்கல் 34 புள்ளி குவித்தார். கரியை இழந்தவர்கள் பாஸ்கலை நோக்கி ஓடியதில் வியப்பில்லை. ஆயினும் கரி தந்துவந்தவை மூன்று புள்ளி எறிதலும், பிறருக்கு வழிசெய்தலும், பறித்தலும். பாஸ்கலோ மூன்று புள்ளி எறிதல், பறித்தல், தடுத்தல் இவற்றில் ஆட்டத்திற்கு ஒன்றுகூடத் தேறாதவர். இழந்த ஆளைப் போன்ற ஆளை அல்ல, இழந்த இனத்தைத் தேட வேண்டும் என்பது என் கருத்து. அதனை இருவர் சேர்ந்து ஈடுசெய்தாலும் குற்றமில்லை.

நாள்காட்டியை மறந்துவிடக் கூடாது. ஒரே வாரத்தில் ஓரணிக்கு நான்கு ஆட்டமும் மற்றோர் அணிக்கு மூன்றும் வருவது வழக்கம். ஆட்டத்திற்கு 12 புள்ளி எடுப்பவர் நான்கில் 48 தருவார். 15 எடுப்பவர் மூன்றில் 45-தான். சிறியவர் வென்றுவிட்டார்!

காயமுற்றவரை உடனே கைவிடுவதும் தவறு. பல குழுக்களில் அவரை நிறுத்திவைக்கத் தனி இடம் ஒன்று உண்டு. கணுக்கால் சுளுக்கு என்றால் பெரும்பாலும் சில வாரங்களில் திரும்பிவிடுவார். குதிகால் நாண் அறுந்தாலோ அப்பருவம் போயிற்று. 2019 ஜூனில் அவ்வாறு காயமுற்ற கெவின் டுரான்ட் 2019-20 பருவம் முழுவதும் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை.

இந்த விளையாட்டில் எனக்கு ஒவ்வாத ஒன்றுண்டு. ஒருவர் தரையில் கிடந்து வலியால் துடிக்கும்போதே, வேறிடத்தில் ஆயிரம் விரல்கள் அவருடைய மாற்றாளின் பெயரைத் தேடிக்கொண்டிருக்கும். ஆடுபவர் யாரும் கொடியவர் அல்லர். வேகம் அப்படிப் பழக்கிவிடுகிறது. லின்னின் பருவமும் 35 ஆட்டங்களோடு, அவரது முழங்காலின் குருத்தெலும்பு கிழிந்ததால் முடிந்தது. அப்போது அவரிடத்தில் ஆடியவர், முன்பு காயத்தால் ஒதுங்கியிருந்த அதே பேரன் டேவிஸ். 2012 மே மாதம் மயாமி அணிக்கெதிரான ஆட்டத்தில் டேவிஸின் முழங்காலும் போயிற்று. அதன்பின் அவர் என்.பி.ஏ. ஆட்டம் எதிலும் களம் இறங்கவில்லை.